பின்சந்துச் சூடு

இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்கள் நடுராத்திரியில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே பல் தந்தியடித்தது. வெளியே உறைய வைக்கும் குளிர். உள்ளே சுவரில் இருந்த ஏசி மிஷின் அதைவிட மோசமாகக் குளிரைக் கக்கிக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு இருமிக்கொண்டிருந்தது.

"நீங்க பாக்கணும்னுதான் போட்டு வச்சேன். ஹீட்டர்ல வச்சாலும் ஜில்லுனுதான் வருது. முன்னாடி வந்த மெக்கானிக் பாதியில ஓடிட்டான்," என்றார் வீட்டுக்காரர்.

"நான் ஓடற ஆள் இல்ல சார்," என்றேன். வாய்க்கொழுப்பு.

அவுட்டோர் யூனிட் பின்சந்தில் இருந்தது. ஒடுங்கிய சந்து, மேலே தகரம், உள்ளே அரையிருட்டு. யூனிட்டுக்கு நேர் எதிரே ஓர் இரும்புக் கட்டில். கழுத்துவரை கம்பளி போர்த்தி ஒரு பெண் படுத்திருந்தாள். மருந்து வாடையோடு மூத்திர வாடையும் கலந்து அடித்தது.

நான் வேலையைப் பார்த்தேன். இந்த மிஷின் சூட்டை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் தள்ளும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை முடிவு செய்வது ரிவர்சிங் வால்வு. காயிலுக்குக் கரண்ட் சரியாக வந்தது, காந்தமும் இழுத்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். வால்வு அசைவேனா என்றது. அதனால்தான் வீட்டுக்குள் குளிர், சந்தில் இதமான அனல்.

"தம்பி, அத மாத்தாதப்பா." கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்பதான் உடம்புல கொஞ்சம் சூடு ஏறுது. மாத்துனா ஐஸ் காத்து என் மூஞ்சியிலதான் அடிக்கும்."

நேரே உள்ளே போனேன்.

"மனுஷங்களா நீங்க? உடம்பு முடியாதவங்கள அங்கயா போடுவீங்க?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"என் நாத்தனார். படுத்த படுக்கை, வீடெல்லாம் ஒரே நாத்தம். அதான் பின்னாடி போட்டோம். போன குளிர்லயே போய்ச் சேர்ந்துட்டாங்க."

நான் பின்சந்துப் பக்கம் கையைக் காட்டினேன்.

"இன்னும் அங்கதான் கிடக்காங்களா?" என்று அலுத்துக்கொண்டாள். "செத்தவங்களுக்கு எதுக்குங்க சூடு? நீங்க மாத்துங்க."

ஓடியிருப்பேன். குழந்தை மறுபடியும் இருமியது. மனசு கேட்கவில்லை.

சந்தில் ஆள் இல்லை. கம்பளி மட்டும், உள்ளே யாரோ படுத்திருப்பதுபோல், மேடாக இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் கேஸை இறக்கினேன், பழைய வால்வை எடுத்தேன். புதியதை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பற்றவைக்கும் டார்ச்சைக் கொளுத்தினேன். துணி சுற்றாமல் பற்றவைத்தால் உள்ளே இருக்கும் பாகம் உருகிப்போகும். வேலை முடிந்து துணியை அவிழ்க்கக் கை வைத்தேன்.

அவ்வளவு நெருப்புக்கும் துணி பனிக்கட்டியாக விறைத்திருந்தது.

"பாவி," என்றது காதருகே.

கேஸ் ஏற்றி மிஷினை ஓட விட்டேன். யூனிட் ஐஸ் காற்றை ஊதியது. என் கண்ணெதிரே கம்பளி மெல்ல மெல்லத் தட்டையானது.

உள்ளே சூடு பரவியிருந்தது. "அப்பாடா!" என்று மனைவி ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"அத்தை, தள்ளிப் படு," என்றது குழந்தை. "உன் கை ஜில்லுனு இருக்கு."

குழந்தைக்குப் பக்கத்தில் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது.

வீட்டுக்காரர் பாய்ந்து மகளைத் தூக்கப் பார்த்தார்.

முடியவில்லை.

"அக்கா, விட்டுடுக்கா! அவ குழந்தைக்கா!" என்று அலறினார். பிறகு என்னிடம் திரும்பினார். "திருப்புங்க! சூட்ட வெளியவே விடுங்க!"

ரிமோட்டை மாற்றினேன். புது வால்வு சமர்த்தாகத் திரும்பியது. சந்துக்கு ஓடினேன். யூனிட் அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, சூடு வருதுக்கா. இங்க வந்துடுங்கக்கா." வெறும் கட்டிலிடம் கெஞ்சினேன்.

கம்பளி எழவே இல்லை.

நான் உள்ளே திரும்பியபோது இருமல் நின்றிருந்தது. குழந்தை சிரித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"அப்பா, அத்தை கை இப்ப சூடாயிடுச்சு."

அவர் மகளின் கையைத் தொட்டார். தொட்ட வேகத்தில் தன் கையை இழுத்துக்கொண்டார்.