பாலத்தில் தொலைந்த காப்பு

காலை எட்டு இருபதுக்கு, நைல் பாலத்தின் நடுவில், சஃபினாஸின் கைப்பைக்குள் காப்பு இல்லை.

கைக்குட்டை இருந்தது. அதன் முடிச்சு அவிழ்ந்திருந்தது. மகளின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட தங்கக் காப்பு. கைக்கு இறுக்கமாக இருக்கிறதென்று நகைக்கடைக்கு எடுத்துப்போனாள். ஷுப்ராவில் மைக்ரோபஸ் ஏறியதும் கடைக்காரனிடம் தொலைபேசியில் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசினாள். வண்டி முழுக்கத் தெரியும்.

"உஸ்தா, கதவப் பூட்டு. காப்பக் காணோம்."

ஓட்டுநர் அத்வா பூட்டினான். வண்டி ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. முன்னால் ஒரு லாரி பழுதாகிக் கிடந்தது. இடப்பக்கம் பேருந்து. வலப்பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர். ஜூன் மாத வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் இறங்கக்கூடாது. நெரிசல் விட்டதும் நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்றான் அத்வா.

வழக்கம் அதுதான். ஒருவனைத் தவிர யாரும் மறுக்கவில்லை.

"உஸ்தா, ஒன்பது மணிக்கு எனக்குப் பரீட்சை. கேட்டைச் சாத்திடுவாங்க. இந்தப் பேப்பர்ல ரெண்டு தடவை போயாச்சு. இன்னைக்கும் விட்டா பேரையே அடிச்சிடுவாங்க."

பெயர் ஹாஸிம். பொறியியல் மாணவன். முன் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சஃபினாஸ். அவளுக்கு அந்தப் பக்கம், கதவை ஒட்டிய மடக்கு சீட்டில், சாம்பல் நிறக் கோட்டுக்காரர். முதுகு சாய இடமில்லாத சீட்டு; பின்னாலிருந்து யார் இறங்கினாலும் அதில் இருப்பவர் எழுந்து மடக்கி வழி விட வேண்டும்.

சஃபினாஸ் ஹாஸிமை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடியே கதவத் திற, நடந்து போறேன்னு கெஞ்சினியே. பரீட்சைக்கா, காப்போட ஓடவா?"

"ஹாஜ்ஜா, நான் தூங்கிட்டு வந்தேன்."

"என் தோள்ல. ஷுப்ராலருந்து. தலையணை வாடகை கூட நான் கேக்கல."

யாரோ சிரித்தார்கள். ஹாஸிம் சிரிக்கவில்லை. சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். புத்தகப் பையைக் கவிழ்த்தான். கால்குலேட்டர், அளவுகோல், தஃமிய்யா வடை வைத்த, பாதி தின்ற ரொட்டி. காப்பு இல்லை.

"ஜன்னல் தொறந்துதானே இருக்கு" என்றார் கோட்டுக்காரர் மெதுவாக. "ஸ்கூட்டர்ல வந்தவன்கிட்ட குடுத்திருப்பான். சின்னப் பையன், அடிக்காதீங்க. போலீஸ் பாத்துக்கட்டும்."

அவர் தன் பைகளையும் கேட்காமலே காலி செய்து காட்டினார். ஒன்றுமில்லை.

ஹாஸிம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பேருந்தின் பக்கத் தகடு மட்டுமே தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அதற்கு மேல் எங்கும் போக முடியாது.

மணி எட்டு முப்பத்தைந்து.

இரண்டாவது வரிசையில் ஹிதாயா உட்கார்ந்திருந்தாள். சட்டம் படிக்கும் நான்காம் ஆண்டு மாணவி. அதே பல்கலைக்கழகம், அதே ஒன்பது மணி. அவளுக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கை காலியாக இருந்தது.

"ஹாஜ்ஜா, காப்பைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ரம்ஸீஸ்ல. போனை வெச்சிட்டுக் கைக்குட்டையில முடிஞ்சேன்."

"ரம்ஸீஸ்ல யாரு இறங்கினா?"

"ஒரு சிப்பாய்" என்றான் அத்வா கண்ணாடியில் பார்த்து. "ஏம்மா, நீ வக்கீலா?"

"பாஸானா ஆவேன். அதுக்கு நீங்க கதவத் திறக்கணும். அந்தச் சிப்பாய்க்கு வழி விட்டது யாரு?"

"நான்தான் மகளே" என்றார் கோட்டுக்காரர். "கீழ இறங்கி, சீட்டை மடக்கி வழி விட்டேன்."

"நல்ல மனுஷர். அதுக்கப்புறம்?"

"பால ஏத்தத்துல அந்தத் தர்பூசணிக்காரன்" என்றாள் சஃபினாஸ். "எல்லார் தலைமேலயும் பழத்தைத் தூக்கிட்டுப் போனானே. உன் பக்கத்துலதானே இருந்தான். அவன் எடுத்திருப்பானா?"

"அவர் ரெண்டு கையும் பழத்துல இருந்துச்சு. போறப்போ இந்தக் கோட்டுக்கார ஹாஜைத் திட்டிட்டுப் போனாரே, என்ன சொன்னார்?"

அத்வா சிரித்தான். "உன் முட்டியத் தாண்டிப் போறதுக்கும் டிக்கெட் வாங்கணுமான்னு கேட்டான்."

"ஏத்தத்துல போலீஸ் நின்னாங்க இல்ல, உஸ்தா?"

"நின்னாங்க. உள்ள எட்டிப் பாத்தாங்க."

ஹிதாயா கோட்டுக்காரரின் பக்கம் திரும்பினாள்.

"ஹாஜ், எங்க இறங்கறீங்க?"

"கீஸா. கடைசி ஸ்டாப்."

"ஏறினப்போ இடுப்பு வலின்னு சொன்னீங்க. முதுகு சாய இடமில்லன்னு புலம்பினீங்க."

"வயசாச்சு."

"பழக்காரர் இறங்கினதும் இங்க வாங்க, ஜன்னல் சீட்டுன்னு கூப்பிட்டேன். பரவாயில்லன்னீங்க. இப்பவும் காலியாதான் இருக்கு. வாங்க."

அவர் அசையவில்லை.

"இங்கயே வசதியா இருக்கு."

அந்தச் சீட்டில் வசதி என்ற சொல்லை அத்வாவே இதுவரை கேட்டதில்லை. இருக்கையைத் தாண்டி வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினான். சீட்டு தானாக மேலே மடங்கியது. அடியில் ரெக்ஸின் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள், பஞ்சுக்கு நடுவில், மஞ்சளாக ஒரு வளைவு.

சஃபினாஸ் முதலில் காப்பை எடுத்தாள். பிறகுதான் கோட்டுக்காரரை அறைந்தாள். பிறகு ஹாஸிமைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த அவன் பொருள்களைத் தானே பையில் எடுத்துப் போட்டாள்.

"போ. ஓடு."

கோட்டுக்காரரை விடாமல் பிடித்தபடி அத்வா கதவைத் திறந்தான். மணி எட்டு நாற்பது.

சுவரோரம் ஓர் ஆள் போகும் அகலம் இருந்தது. ஹாஸிம் முன்னால், ஹிதாயா பின்னால். பாதி ஓட்டம், பாதி நடை.

"அவர்தான்னு எப்படித் தெரிஞ்சது?" மூச்சிரைக்கக் கேட்டான்.

"ரம்ஸீஸ் தாண்டி எடுத்திருக்கார். ஏத்தத்துல போலீஸைப் பாத்ததும் கையில இருக்கக்கூடாதுன்னு கிழிசல்ல செருகிட்டார். திரும்ப எடுக்க முடியல. எடுக்கணும்னா எழுந்து சீட்டை மடக்கணும், ஹாஜ்ஜா பக்கத்துலயே இருக்காங்க. சிப்பாய்க்குச் சீட்டை மடக்கினவர் பழக்காரருக்கு மடக்கல. மடக்கினா கிழிசல் தெரியும்."

"அவ்வளவுதானா?"

"அது கூட இல்ல. நீ எவ்வளவு நாளா மைக்ரோபஸ்ல போற?"

"மூணு வருஷம்."

"வேற சீட்டு காலியாகியும் மடக்கு சீட்டுலயே உக்காந்திருந்த ஆளை எப்பவாவது பாத்திருக்கியா?"

ஹாஸிம் யோசித்தான். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

"எல்லாரும் அந்த ஆளை நல்ல மனுஷன்னு நினைச்சாங்க. கார் வெச்சிருக்கிறவன் வேணா அப்படி நினைக்கலாம். தினம் இதுல போற நமக்கென்ன கேடு?"

பாலம் இறங்கும் இடத்தில் பல்கலைக்கழகத்தின் குவிமாடம் தெரிந்தது. அவன் வேகத்தைக் கூட்டினான். சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். பின்னால், பாலத்தின் மேல், வெள்ளை மைக்ரோபஸ் இன்னும் அதே இடத்தில் நின்றது.

"சாயங்காலம் திரும்பிப் போறப்போ?" என்றான்.

"அதே வண்டிதான்" என்றாள் ஹிதாயா. "முதல்ல ஏறினா ஜன்னல். லேட்டா வந்தா மடக்கு சீட்டு."

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது காவலாளி இரும்புக் கதவில் கை வைத்திருந்தான். இருவரும் ஒருக்களித்து உள்ளே நுழைந்தார்கள். பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.