கடைசி எழுத்தைத் தின்ற கம்ப்யூட்டர்

மதியம் பன்னிரண்டரைக்கு வாசல் மணி அடித்தபோது தம்பி ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் இடையே ஏழாவது தடவையாக நடந்துகொண்டிருந்தார். அறுபத்தொரு வயதாகியும் அந்த வீட்டில் அவர் தம்பிதான். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விரல்களுக்கு வேலை இல்லாமல் போனதும் அந்தப் பரபரப்பு கால்களுக்கு இறங்கிவிட்டது.

"நின்னு கதவைத் திற. தரை தேயுது" என்றார் அக்கா, செய்தித்தாளை மடிக்காமலே. அவர் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் சிக்கலான கணக்குகள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தன.

வாசலில் நின்ற பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு பழுப்பு உறை. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நான் தண்ணி பம்பு செய்யற கம்பெனியில கணக்கு எழுதறேன். பதினாலு வருஷமா. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இந்த ராஜினாமாவுல கையெழுத்துப் போடணுமாம். இல்லன்னா போலீஸ்னு சொல்றாங்க. நான் ஒரு பைசா தொட்டதில்லைங்க."

"தண்ணி குடிங்க. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

கணக்கரம்மா சொன்ன கதை இதுதான். கம்பெனியில் ஓர் அரதப்பழசான கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது. போன சனிக்கிழமை அதை மாற்றிப் புதியது போட்டார்கள். புதியது கறாரானது. வெளியே போகும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பில் காட்டினால்தான் விடும். பழையது அப்படியெல்லாம் கேட்காது. அந்தத் தாராளத்தில், இரண்டு வருஷமாக அட்டைப்பெட்டி வாங்கிய வகையில் பதினொரு தடவை ரொக்கம் போயிருந்தது. எதற்கும் பில் இல்லை.

"மேலாளர்தான் 'பணத்தை எங்கிட்ட குடும்மா, பில் பின்னாடி வரும்'னு வாங்கிட்டுப் போவார். நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். புதுசு வரப்போகுதுன்னதும் பதினொண்ணையும் பட்டியல் போட்டு அவர் கையில கொடுத்தேன். திங்கட்கிழமை திறந்து பார்த்தா பதினொண்ணுக்கும் பில் இருக்கு! நானே அடிச்சு ஏத்தின மாதிரி என் பேர்ல, பழைய தேதியில. அந்த பில்லுல போட்டிருக்கற அட்டைப்பெட்டிக் கடையே ஊர்ல இல்லைன்னு நேத்து முதலாளியம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. மேலாளர் 'நான் பணமே வாங்கலை, பில்லும் திருட்டும் அவங்களுது'ன்னு சொல்றார்."

"பழைய கம்ப்யூட்டர்ல பார்த்தா தெரிஞ்சிடுமே!" தம்பி துள்ளி எழுந்தார்.

"அதைப் புதுசுக்கு ஈடா எடுத்துட்டுப் போய் அழிச்சுட்டாங்க. ஒப்பந்தமே அப்படித்தான்." அவர் உறையை மடியில் வைத்துக்கொண்டார். "என் பொண்ணு போன மாசம்தான் ஒரு பேங்குல வேலைக்குச் சேர்ந்திருக்கா. அம்மா திருடின்னு ஆச்சுன்னா அவளை யார் அங்க வச்சிருப்பாங்க?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

கம்பெனி ஒரு நீளமான கட்டடம். கீழே கடைசல் இயந்திரங்களின் இரைச்சல், மேலே அலுவலகம். சுவர்க் கடிகாரம் இரண்டு ஐந்து காட்டியது. புது சாஃப்ட்வேரைப் போட்ட மென்பொருள்காரர், காதோரம் பென்சில் செருகிய ஒல்லியான ஆள், கணக்கரம்மாவின் மேசையருகே நின்றார்.

"பில்லுங்க எப்ப அடிச்சதுன்னு உங்க சாஃப்ட்வேர் சொல்லாதா?" என்று அக்கா கேட்டார்.

"திங்கள்ல இருந்து சொல்லும் மேடம். சனிக்கிழமை முழுக்க பழைய கணக்கை உள்ள கொண்டு வந்தோம். அன்னைக்கு உள்ள போன எல்லாத்துக்கும் 'பழசு'ன்னு ஒரே முத்திரைதான். இந்தப் பதினொண்ணும் அதுல இருக்கு."

"சனிக்கிழமை யார் யார் இருந்தீங்க?"

"நான், அம்மா, மேலாளர் சார், மூணு பேரும் சாயங்காலம் வரைக்கும். நான் நடுவுல ஒரு மணி நேரம் சாப்பிடப் போனேன். அவங்களும் முன்ன பின்ன போயிட்டு வந்தாங்க."

"கடவுச்சொல்?"

மென்பொருள்காரர் விசைப்பலகையைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. கணக்கரம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கே தெரிந்த ரகசியம்.

அக்கா அவரை இரண்டு வரி அடித்துக் காட்டச் சொன்னார். தம்பியின் காது தானாகவே தீட்டிக்கொண்டது. சீரான கை, தாளம் தப்பாத கை. ஒவ்வொரு வரி முடிவிலும் மோதிர விரல் மெல்ல ஒரு புள்ளி வைத்தது. பிறகே என்டர்.

"பாருங்க, மறுபடியும் புள்ளி!" மென்பொருள்காரர் சிரித்தார். "நாலு நாளா சொல்றேன் மேடம், நிறுத்த மாட்டேங்கறாங்க. பழையதுக்கு ஒரு வியாதி. வரியோட கடைசி எழுத்தைத் தின்னுடும். பெட்டின்னு அடிச்சு விட்டா கடைசி எழுத்து போயிடும். அதனால அம்மா ஒரு புள்ளியைப் பலி கொடுத்து எழுத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்காங்க. புதுசு எதையும் தின்னாது. புள்ளி அப்படியே நிக்குது."

"பழையதைப் பழகினவங்க வேற யாரு?"

"எனக்கு முன்னாடி மேலாளர்தான் கணக்கு எழுதினார். அப்புறம் நான். ரெண்டே பேர்தான்" என்றார் கணக்கரம்மா.

மேலாளர் தன் கண்ணாடி அறையில் யாருக்கோ மின்னஞ்சல் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு முடித்தார். தம்பிக்கு அந்த ஒரு நிமிஷமே பெரும் பாடு. நிலைகொள்ளாமல் கதவருகே நின்று காலை ஆட்டினார்.

"புது சாஃப்ட்வேரை நான் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கலை மேடம்" என்றார் மேலாளர், நிதானமாகப் புன்னகைத்து. "ஆனா ஒண்ணு சொல்றேன். இப்ப அந்தம்மா அடிக்கறதுல எல்லாம் புள்ளி நிக்குது. அந்தப் பதினொரு பில்லுல புள்ளியே இல்லை. ஏன்? பழையதுல அடிச்சது, அது தின்னுடுச்சு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

வெளியே வந்ததும் தம்பி பொங்கினார். "என்னக்கா, அந்த ஆள் சொல்றது சரியா வருதே! அந்தம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? மூணரை ஆச்சு!"

"கத்தாதே. யோசிக்க விடு."

"அவர் அடிக்கற லட்சணம் வேற! வரி முடிஞ்சப்புறம் கட்டைவிரலால ஒரு குத்து, அப்புறம் என்டர். ஒவ்வொரு வரிக்கும்! முடிஞ்சுபோன வரிக்கு எதுக்கு இடைவெளி? என்கிட்ட வேலை பார்த்திருந்தா கையிலயே ஒண்ணு போட்டிருப்பேன்."

அக்கா படியில் நின்றுவிட்டார். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கணக்கரம்மாவின் கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போனார். பழைய வரிகள் நாற்பது, பதினொரு பில்கள், இந்த வாரத்து வரிகள் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் கர்சரை, திரையில் கண்சிமிட்டும் அந்தத் துடிப்புக்கோட்டை, கொண்டுபோய் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அவசரமே இல்லை. தம்பி நகத்தைக் கடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் நகத்தைக் கடித்தார். நாலு, நாலேகால். கணக்கரம்மா உறையை மடித்து மடித்துப் பிரித்ததில் அதன் மூலை கிழிந்துவிட்டது.

நாலரைக்கு முதலாளியம்மா வந்தார். கடுத்த முகம், ஆனால் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. "என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?" என்றார் கணக்கரம்மாவிடம்.

"ஒரு சின்னப் பரீட்சை, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார் அக்கா. "மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு வரி அடிக்கணும். 'அட்டைப்பெட்டி வாங்கியது.' அவ்வளவுதான்."

மென்பொருள்காரர் அடித்தார். கணக்கரம்மா புள்ளியோடு அடித்தார். மேலாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "எதுவும் தெரியாதவனுக்கும் பரீட்சையா?" என்று சிரித்தபடியே அடித்தார்.

தட். பிறகு என்டர். மறுபடியும் தட். பிறகு என்டர்.

வாயைத் திறக்கப் போன தம்பியை அக்கா ஒரே பார்வையில் அடக்கினார்.

"இப்ப இங்க வந்து பாருங்க" என்று முதலாளியம்மாவை அருகே அழைத்தார். "இது பழைய கணக்கிலிருந்து வந்த வரி. நுனியில துடிப்புக்கோடு எங்க நிக்குது?"

"கடைசி எழுத்தை ஒட்டி."

"எந்தப் பழைய வரியை எடுத்தாலும் அப்படித்தான். கடைசியா அடிச்சது எதுவா இருந்தாலும் பழையது தின்னுடும், மிச்சம் வைக்காது. இது பதினொரு பில்லுல முதல் பில். இங்க?"

முதலாளியம்மா குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். "தள்ளி நிக்குது. நடுவுல ஒரு எழுத்துக்கு இடம் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. பதினொண்ணுலயும் இருக்கு. பழையதுல அடிச்சிருந்தா அதையும் தின்னிருக்கும். தின்னலை. அப்ப இந்த பில்லுங்க பழைய கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. புதுசுல, சனிக்கிழமை, பழைய தேதி போட்டு அடிச்சது."

"அதையும் அந்தம்மாவே அடிச்சிருக்கலாமே" என்றார் மேலாளர். புன்னகை மட்டும் காணாமல் போயிருந்தது.

"அவங்க கைக்குப் புள்ளிதான் பழக்கம். இந்த நாலு நாள்ல இருநூறு வரிக்கு மேல அடிச்சிருக்காங்க, ஒண்ணு தப்பாம புள்ளி. வேணும்னே மறைக்க நினைச்சிருந்தா புள்ளியை விட்டுட்டு சும்மா இருந்திருப்பாங்க. அதுக்குப் பதிலா இடைவெளியைத் தட்ட அவங்களுக்கு என்ன வேண்டுதலா? வரி முடிஞ்சப்புறம் கைக்கு ஒண்ணைத் தட்டியே ஆகணும்னா, அது அந்தப் பழைய கம்ப்யூட்டர்கிட்ட குப்பை கொட்டின கை. அப்படி ரெண்டே பேர். ஒருத்தருக்குப் புள்ளி. இன்னொருத்தர் எழுத்தைக் காப்பாத்த என்ன பண்ணினார்னு எனக்குக் கண்ணால பார்க்கத் தெரியலை. என் தம்பி காது கேட்டுடுச்சு."

அக்கா மேலாளர் அடித்த இரண்டு வரிகளின் நுனிக்கும் துடிப்புக்கோட்டைக் கொண்டுபோனார். இரண்டிலும் ஓர் எழுத்து தள்ளி நின்று அது கண்சிமிட்டியது.

மேலாளர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது என்ன செய்தது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"திருப்பி வச்சிடலாம்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"வச்சிருந்தா நான் மன்னிச்சிருப்பேன்" என்றார் முதலாளியம்மா. "அவ தலையில கட்டினே பாரு, அதை எப்படிய்யா மன்னிக்கறது? போய் உன் அறையில உட்காரு. வக்கீல் வருவார்."

மேலாளர் போனதும் கதவு மூடிக்கொண்டது. கீழே இயந்திரங்களின் இரைச்சல் இப்போதுதான் தம்பியின் காதில் மறுபடியும் விழுந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. முதலாளியம்மா கணக்கரம்மாவின் பக்கம் திரும்பினார். அந்தப் பழுப்பு உறைக்காகக் கையை நீட்டினார்.

கணக்கரம்மா உறையைத் தரவில்லை.

"இது என்கிட்டயே இருக்கட்டும்மா. ஒரு வார்த்தை என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போடச் சொன்னீங்க. வேணுமா வேண்டாமான்னு இனிமே நான் யோசிச்சுச் சொல்றேன்."

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு தலையசைத்தார். தம்பிக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"அஞ்சாக இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள என் பேர்ல இருக்கற குப்பையைக் கூட்டிடறேன்" என்று கணக்கரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை நுனியில் இல்லை. பதினொரு பில்களையும் ஒவ்வொன்றாக ரத்து செய்தார். ஏன் என்று சாஃப்ட்வேர் காரணம் கேட்டது. தாளம் தப்பாமல் அடித்தார்: 'இவை நான் எழுதியவை அல்ல.'

மோதிர விரல் வழக்கம்போல ஒரு புள்ளி வைத்தது. மென்பொருள்காரர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். தம்பி அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். மதியத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்த தம்பியின் கால் இப்போது ஆடவில்லை.

கணக்கரம்மா என்டரைத் தட்டினார். புள்ளி அப்படியே நின்றது.