பின்சீட்டுச் சல்லடை

வண்டியைப் பார்க்கப் போன வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். தெருவின் இருபுறமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வீடுகள். கடைசி வீட்டின் முன்னால், உறை விலக்கப்பட்டு, அந்தக் கார் நின்றது. சாம்பல் நிறம். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். வாங்கி நாலு வருஷமாகியும் ஒரு கீறல்கூட இல்லை.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் மனைவி, வளர்ந்த மகன், மகள். நான்கு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். 'வாங்க' என்று ஒரு சொல் இல்லை. வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக் காட்டினார்.

'ஓட்டிப் பாருங்கள்.'

வாங்க வந்தவன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவன் "டேய்!" என்றால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் நின்றுவிடுவான். விசில் ஊதுவதே தன் தொண்டைக்கு அவமானம் என்பான். அவன் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். கண் விழித்ததும் தொடங்கினால் தூங்கும்போதுதான் நிற்கும். மனைவி மருத்துவமனையில் காது பரிசோதிப்பவள். வருகிறவர்களைத் தனி அறையில் உட்காரவைத்து, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை.

"பாவம், பேச முடியாதவங்க போல," என்றான் அவன் மெதுவாக.

அவள் கைப்பையிலிருந்த சாவிக்கொத்தைத் தற்செயலாக விழுவதுபோலத் தரையில் நழுவவிட்டாள். நான்கு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. வீட்டுக்காரரின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காது நல்லாக் கேக்குதுங்க இவங்களுக்கு. கேக்கற காது இருந்தும் ஒரு குடும்பமே ஊமையாகுமா?"

"உன் ஆஸ்பத்திரியை இங்கயும் தூக்கிட்டு வராத."

இதற்குள் ரேடியோ அந்த அம்மாளிடம் தன் பல் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த அம்மாள் குனிந்து, குழந்தையின் வாயைக் கையால் பொத்தினாள். செல்லமாக அல்ல, இறுக்கமாக. வீட்டுக்காரர் பாய்ந்து வந்து மனைவியின் கையைப் பிய்த்து எடுத்தார். பிறகு வாங்க வந்தவனைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வண்டி வீட்டுக்கு வந்தது.

பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பச்சை எழுத்து வரும், அவ்வளவுதான். உறுமல் கிடையாது, அதிர்வு கிடையாது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "வழுக்கிட்டுப் போகுது பாரு! பூனை மாதிரி!" என்று பார்க்கிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தான்.

அவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அமைதி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பரிசோதனை அறையின் தடித்த கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும், எச்சில் விழுங்குவது கேட்கும். இந்த வண்டிக்குள் அதுகூடக் கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற அமைதி அது.

பின்சீட்டின் ஓரத்தில், குழந்தை உட்காரும் பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு சல்லடை இருந்தது. பேட்டரி சூடாகாமல் இருக்க அதன் வழியாக ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்கும், அதை அடைக்கக் கூடாது என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருந்தது. ரேடியோ இரண்டாம் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சல்லடையில் வாயை வைத்து, அணிலுக்குச் செருப்பு வாங்கப் போன கதையைத் தானே கட்டிய மெட்டில் பாடினாள். விசிறி அதை உறிஞ்சிக்கொண்டது.

"அம்மா, இதுக்கு என் பாட்டு பிடிச்சிருக்கு. இன்னும் இன்னும்னு இழுக்குது."

மூன்றாம் வாரம் அந்தப் பாட்டு அவளுக்கு மறந்துபோனது. அதற்கடுத்த வாரம் பேச்சு சுருங்கியது. பள்ளியில் நடந்ததைக் கேட்டால் "ம்" என்றாள். பிறகு 'ம்' கூட இல்லை, தலையாட்டல்தான். தாய் அவளைத் தன் பரிசோதனை அறையில் உட்காரவைத்துப் பார்த்தாள். காது பழுதில்லை. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏதோ பிடிவாதம்," என்றார். வாத்தியாருக்கும் குரல் கம்மியது. மைதானத்துத் தூசு என்று அவன் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் மகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றதும் என்ஜின் தானாக அணைந்தது. கண்ணாடித் துடைப்பான்கூட ஓசையில்லாமல் போய் வந்தது.

பின்னாலிருந்து பாட்டு கேட்டது. அணில், செருப்புக்கடை, அதே மெட்டு.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாடுறியாடா தங்கம்?" என்று பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள்.

குழந்தையின் உதடுகள் இறுக மூடியிருந்தன.

கண்கள் மட்டும் அகலத் திறந்து, சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பாட்டு நிற்கவில்லை.

மறுநாள் அவள் விடுப்புப் போட்டுவிட்டு, ஹைபிரிட் வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனாள். வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். "விசிறியில முடி சிக்கியிருக்கும் மேடம், நாய் பூனை ஏத்துறவங்க வண்டியில சகஜம்," என்று சல்லடையைக் கழற்றினான். உள்ளே தூசுகூட இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவன் முழங்கைவரை நீண்ட கனத்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, பேட்டரியின் பாதுகாப்புப் பிளக்கை உருவினான். முன்னாலிருந்த சின்ன பேட்டரியையும் துண்டித்தான்.

"முடிஞ்சுது. இப்போ இது வெறும் தகரம்."

விசிறி சுற்ற ஆரம்பித்தது.

அவன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான்.

சல்லடை இருந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் சாதாரணமாகக் கேட்டது. "குடை எடுத்தியா?" ஒரு பெண்குரல், "மெதுவாப் போங்க, திருப்பம் வருது," என்றது. இன்னும் இரண்டு இளங்குரல்கள் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டன. அவற்றுக்கு நடுவில் ரேடியோவின் பாட்டு. நெரிசலில் மாட்டிக்கொண்ட குழந்தை கைதூக்கிக் கூப்பிடுவதுபோல, மேலே வருவதும் அமுங்குவதுமாக.

மெக்கானிக் கையுறையோடு தன் வாயைப் பொத்திக்கொண்டான். அப்படியே பின்வாங்கி வெளியே வந்து, தெருமுனை வரை போன பிறகுதான் கையை எடுத்தான்.

"இதை இங்க விடாதீங்க மேடம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். என் வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

பிளக் இல்லாமலேயே வண்டி ஓடியது. அவள் அதை வீட்டில் நிறுத்திவிட்டு, டாக்ஸி பிடித்து விற்றவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலியை எடுக்கவில்லை.

"எம் பொண்ணு பேச மாட்டேங்கறா. எதைக் கொண்டுவந்து எங்க தலையில கட்டினீங்க?"

அந்த அம்மாள் எழுதினாள். 'நாங்கள் புதிதாகத்தான் வாங்கினோம். முதல் நாளே அது உள்ளே இருந்தது.'

"எது?"

வீட்டுக்காரர் நோட்டைப் பிடுங்கினார். 'வேறு வாய் கிடைத்தால் எங்கள் குரலை விட்டுவிடும் என்று நினைத்தோம்.'

"விட்டுச்சா?"

இருட்டில் நான்கு தலைகள் இல்லையென்று அசைந்தன. கடைசியாக ஒரு வரி எழுதி, தாளைக் கிழித்து வெளியே தள்ளிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். 'நீங்களும் யாருக்காவது விற்றுவிடுங்கள்.'

வீட்டில் பெரிய சண்டை. "விசிறிச் சத்தத்தைப் பேய்ங்கறியா?" என்றான் அவன். குரல் நாலாகக் கிழிந்திருந்தது. "குழந்தைக்குத் தொண்டைக்கட்டு. எனக்கும் அதேதான். படிச்சவ பேசற பேச்சா இது?" அவள் வண்டிச்சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். இரண்டாவது சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது என்பது, காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டி இல்லை. அவனும் இல்லை, குழந்தையும் இல்லை.

அவள் ஈரத்தலையோடு டாக்ஸியில், அவனும் குழந்தையும் போகும் பள்ளிக்குப் போய் இறங்கினாள்.

மைதானத்தில் பிள்ளைகள் வகுப்புவாரியாக, இன்னும் யாரும் ஏறாத மேடையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். முந்நூறு முதுகுகள். அவர்களுக்குப் பின்னால், மரத்தடியில், அவன் இறங்கி நின்று பின்கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தான். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ இரு கைகளாலும் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் இருக்கை காலி.

வண்டி நகர்ந்தது.

தரையில் கிடந்த சருகுகூட நொறுங்குவது கேட்கவில்லை. மெல்ல, வழி தெரிந்த மிருகம் போல, கடைசி வரிசையை நோக்கிப் போனது. அங்கே நின்றவர்கள் மிகச் சின்னப் பிள்ளைகள்.

அவன் கத்த வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது.

சத்தம் வரவில்லை.

வண்டியின் கூரையை ஓங்கி ஓங்கி அறைந்தான். அந்த அறையும் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று இரு கைகளாலும் தள்ளினான். காலணி மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு பின்னால் போனதே தவிர, வண்டி நிற்கவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனிடம் இருந்ததை எல்லாம் அது எடுத்துக்கொண்டுவிட்டது. இனி அதைப் பார்த்தவர்களில் குரல் உள்ளவள் அவள்தான். அதுவும் அதற்குத் தெரியும். அதற்காகத்தான் காத்திருக்கிறது.

தெரிந்தேதான் கத்தினாள்.

"ஓடுங்க! பின்னால பாருங்க! ஓடுங்க!"

தன் உடம்பில் அப்படி ஒரு சத்தம் இருந்ததென்று அவளுக்கே தெரியாது. பிள்ளைகள் புறாக்கூட்டம் போலச் சிதறினார்கள். வண்டி, கடைசி வரிசை நின்றிருந்த இடத்தில், யாரோ போட்டுவிட்டுப் போன புத்தகப்பையை முட்டி நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் மகளை அள்ளி எடுத்தபோது, சல்லடைக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. வயிறு நிறைந்தவர்கள் விடுகிற மூச்சு.

மகளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று நோட்டுப் புத்தகங்கள்.

நான்காம் நாள் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். வண்டி நிற்கிறதே, கொடுப்பதாக இருந்தால் தனக்குச் சொல்லுங்கள் என்றார். மூன்று பிள்ளைகள் அவருக்கு, மூன்றும் வாய் ஓயாதவை. அவர் போனபின் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டே எழுதினான். 'கொடுத்துடலாமா?' எழுதியதைத் தானே பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுகையிலும் ஓசை இல்லை. அவள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மெக்கானிக்குக்குச் செய்தி அனுப்பினாள்.

அவன் ஒரு வார்த்தை கேட்காமல், வண்டி உடைக்கும் இடத்துக்கு இழுத்துப்போக ஏற்பாடு செய்தான். இவ்வளவு புது வண்டியை ஏன் உடைக்கிறீர்கள் என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். அவள் 'ஓடக் கூடாது' என்று எழுதிக் காட்டினாள். பேட்டரியைக் கழற்றித் திறந்தார்கள். உள்ளே வரிசையாக அடுக்கிய கறுப்புக் கட்டைகள், அவ்வளவுதான். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, சக்தி வடியவிட்டு அனுப்பினார்கள். மீதியை இயந்திரம் அமுக்கியது. தகடு மடங்கும்போது அங்கே நின்ற எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. அவ்வளவு சத்தமும் அவளுக்கு வேண்டியிருந்தது.

வண்டியை உடைத்த மூன்றாம் நாள் காலை, சமையலறைக்குள் வந்து ரேடியோ சொன்னாள்: "அம்மா, தண்ணி."

அவள் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. "இன்னொரு தடவை சொல்லு," என்றாள். சொன்ன பிறகுதான் தானும் பேசிவிட்டது தெரிந்தது. குளியலறையிலிருந்து அவன் "டேய்!" என்று போட்ட சத்தத்தில் கீழ்வீட்டில் கதவு திறந்தது. அன்று மூவரும் வேலைக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஞாயிறு மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவன் கடைக்குப் போயிருந்தான். குழந்தை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா, நாங்கதாம்மா. வண்டி வித்தவங்க." ஆண்குரல், தழுதழுத்தது. "பேச்சு வந்துடுச்சும்மா. எங்க நாலு பேருக்கும். உங்க கால்ல விழணும் நாங்க."

அந்த அம்மாள் பேசினாள். பேச முடியாமல் அழுதாள். மகன் நன்றி சொன்னான். மகள் மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கியது. கோபம் எங்கோ போயிருந்தது. "விடுங்க, எல்லாரும் நல்லா இருந்தாச் சரி," என்றாள்.

ஐந்தாவதாக ஒரு குரல் பேசியது.

ஆணா, பெண்ணா, என்ன வயது, எதுவும் சொல்ல முடியவில்லை. அவசரமே இல்லாத குரல்.

"பாப்பா இருக்காளா? கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"யாரு பேசறது?"

"யாரைம்மா கேக்கறீங்க?" வீட்டுக்காரர் திகைத்தார். "இங்க நாங்க நாலு பேர்தான இருக்கோம்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். போனையே அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். கூடத்தில் ஓசை ஏதுமில்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் உற்சாகமாக வந்தது.

"இதோ வரேன்!"