கழிக்க வேண்டிய இரண்டரை மணி

காலையில் கணவர் நாட்காட்டியில் எழுதி வைத்திருந்ததைப் படித்ததும் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. "தம்பி வருகை: மாலை 5.30" என்று அச்சடித்தாற்போன்ற எழுத்து. முப்பதாண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவர் போட்ட கணக்கு. அதை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

கணவரின் தம்பி சின்னவன் வேலை பார்க்கும் நகரம் நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. விமானம் அங்கே காலை ஒன்பதுக்குக் கிளம்பும். ஆறு மணி நேரப் பயணம். இறங்கும்போது அவ்வூர் மணி மூன்று. அவ்வூர்க் கடிகாரம் இங்கத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ஆகவே அதைக் கழித்தால் இங்கே பன்னிரண்டரை. வாத்தியாரோ கூட்டியிருந்தார்.

நான்காண்டுகளுக்கு முன் மாமனார் கண்மூடிய அன்றும் இதே விமானம், இதே கணக்கு. மாலைவரை உடல் தாங்காதென்று பன்னிரண்டு மணிக்கே அடக்கம் முடிந்தது. ஒன்றரைக்கு வாசலில் வந்து நின்றான் சின்னவன்.

பிழை எங்கே என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தந்தையை இழந்து துவண்டு கிடந்த கணவரிடம், தம்பிக்கு முந்தைய விமானம் கிடைத்ததாம் என்றாள். சின்னவனிடமோ, அடக்கத்தை அவசரப்படுத்தியது தான்தான் என்றாள். எட்டு வயதிலிருந்து அவள் கையால் உண்டு வளர்ந்தவன், அன்றோடு அவளை அண்ணி என்று அழைப்பதை விட்டான். தொலைபேசியில் அவள் குரல் கேட்டால், "அண்ணன்கிட்ட குடுங்க" என்பதோடு சரி. உள்ளே நெருப்பிருந்தும் அவள் புகையை வெளியே விட்டதில்லை.

இன்று அலுவலக வேலையாக வருகிறவன், வீட்டுக்கும் ஒருமுறை எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். இந்தப் பிழையைத் திருத்தினால் பழைய பிழையும் கணவர் கண்ணில் பட்டுவிடும். எதிர்வீட்டுக் கார் ஓட்டுநரை ஓசைப்படாமல் விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, இறைவனை வேண்டியபடி அடுப்பை மூட்டினாள். சாயங்காலம் வருகிறவனுக்குப் பத்து மணிக்கே விருந்தா என்று அவர் கேலி செய்தார்.

ஒன்றரைக்குக் கார் வந்து நின்றது.

"என்னடா, இன்னிக்கும் முந்தின ஃபிளைட்டா?" என்றார் வாத்தியார்.

"முந்தின ஃபிளைட்டா? காலைல ஒன்பது மணிக்கு ஒண்ணு. அத விட்டா மறுநாள்தான். எப்பவும் அதுலதான் வர்றேன்."

கரண்டியும் கையுமாக அவள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். சின்னவன் பார்வை நாட்காட்டியில் பதிந்தது. உதடசையக் கணக்கிட்டவன், மெல்ல அண்ணனைப் பார்த்தான். அவரும் அதற்குள் கணக்கை முடித்திருந்தார். நாற்காலியில் சரிந்தார்.

"நானா... அப்பா முகத்த நீ கடைசியா பாக்க முடியாம பண்ணினது நானா?"

சின்னவன் அவள் பக்கம் திரும்பினான். "நாலு வருஷமா ஏன் வாயத் திறக்கல?"

"அப்பா போன அன்னிக்கே உனக்கு அண்ணனும் இல்லாமப் போயிடக் கூடாதுன்னுதான் தம்பி... அண்ணி போனா போகட்டும்னு விட்டுட்டேன்."

இனி இவன் கோபம் அவர்மேல் பாயுமோ என்று அவள் அஞ்சினாள். அவனோ அண்ணன் காலருகே தரையில் அமர்ந்து, அவர் முழங்காலைப் பற்றிக்கொண்டான்.

"வேணும்னேவா பண்ணின? அவரு உனக்கும்தானே அப்பா... விடு அண்ணா."

வாத்தியார் வாய்விட்டு அழுதார். சின்னவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இங்க வந்து உக்காருங்க அண்ணி. இவரு அழுதா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

நான்காண்டாய்க் கேளாத சொல்லை முழுதாய்க் காதில் வாங்கிக்கொண்டு, அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.