கை ஒடிந்த கமாண்டர்

முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த கஜபதிக்கு மூச்சு வாங்கியது. அவரைப் பார்த்தே பார்த்தசாரதிக்குக் களைப்பு வந்தது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், தொலைந்ததைத் தேடித் தரச் சொல்லி யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"பொம்மை காணோம் சார்."

கஜபதி ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். பன்னிரண்டு வருடத்துக்கு முன், எண்பத்தைந்தில், ஞாயிறு காலைகளில் டிவியில் வந்த விண்வெளித் தொடரின் பொம்மைகளைச் சேர்ப்பவர். நாற்பத்தோரு பொம்மைகளில் கமாண்டர் ஸோரன் மட்டும் மாயம். கறுப்பு முடி, நீலச் சட்டை, ஒடிந்து ஒட்டவைத்த இடது கை.

"பூந்தமல்லி உஸ்மான் கனி பாய்தான் சார். பழைய சாமான் யாவாரம். ஞாயித்துக்கெழம வந்து அலமாரியாண்டயே நின்னுகினு இருந்தாரு. நேத்து கடைக்கே போய் சட்டையப் புடிச்சிட்டேன்."

"வண்டிய எடுக்கட்டா சார்?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த துலுக்கானம் அதற்குள் எழுந்துவிட்டார். ஆட்டோ ஓட்டுவது பிழைப்பு. பார்த்தசாரதியோடு துப்பறியப் போவதில்தான் ஆசை.

ஆவடி குவார்ட்டர்ஸில் கண்ணாடி அலமாரியின் பூட்டு உடையவில்லை. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. காலி இடத்துக்குப் பக்கத்தில் பிரிக்காத பெட்டியோடு ஒரு பொம்மை.

"இதை பாய் கேட்டாரா?" என்றார் பார்த்தசாரதி.

"கால்ல வுழாத கொறையா கேட்டாரு. குடுக்கல."

கஜபதியின் மனைவி பஞ்சவர்ணம் காபி கொண்டுவந்தாள். "அந்தத் தாத்தா பொம்மைக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

பார்த்தசாரதி டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு, வசந்தகுமாரி. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கினு போய் நாலு வருசமாச்சு," என்றார் கஜபதி. "அந்தப் பேச்சு இந்த ஊட்ல கெடையாது."

"பேசித்தான் ஆகணும். பாய் எடுத்திருந்தா பிரிக்காத பெட்டியைத்தான் எடுத்திருப்பார். கை ஒடிஞ்சதை எடுத்தவங்க விக்கறதுக்காக எடுக்கல. சாவி இருக்கற இடமும் அவங்களுக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "கறுப்பு முடி வெச்ச பொம்மையைப் பெரியவங்க யாரும் தாத்தா பொம்மைன்னு சொல்ல மாட்டாங்க. தாத்தா குடுத்த பொம்மைன்னு ஒரு குழந்தை சொல்லும். கேட்டுக் கேட்டு நம்ம வாயிலயும் அதுவே வரும். இந்த வீட்ல குழந்தை இல்லையே?"

பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அயனம்பாக்கத்துல கீறா. பையனுக்கு மூணு வயசு. தாத்தா குடுத்தாருன்னு சொல்லித்தான் குடுத்தேன். அங்க ஒரு பொய், இங்க ஒரு பொய். அலுத்துப்போச்சுய்யா எனக்கு. அவ சின்ன வயசுல வெளாண்டு கை ஒடிச்ச பொம்மைதானே அது?"

துலுக்கானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லா சாப்புடுறானா?" என்றார் கஜபதி கடைசியில்.

"எங்க? எலும்புந்தோலுமா கீறான்."

கஜபதி எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் போடாமலே துலுக்கானத்திடம் திரும்பினார். "அண்ணாத்தே, அயனம்பாக்கம் வருவியா?"

துலுக்கானம் பார்த்தசாரதியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். "நாளைக்கு பாய்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுடுங்க, கஜபதி."

கஜபதியோடு பஞ்சவர்ணமும் ஏறிக்கொள்ள, ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வீட்டைப் பூட்ட இருவருக்கும் நினைவில்லை. பார்த்தசாரதி கதவைச் சாத்தி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, முழங்காலை ஒருமுறை தடவிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.