முறுக்கினால் அடங்கும்

பம்புசெட் குழாயைப் பிடித்த கை பிடித்தபடியே, விவசாயி பெரியண்ணன் கிணற்று மேட்டில் செத்துக் கிடந்தான்.

அது முந்தாநாள்.

அவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் காரிமங்கலம் தஸ்தகீர். கட்டியது சரியில்லை, கரண்ட் கசிந்து ஆளைக் கொன்றுவிட்டது என்று அன்றைக்கே அவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார் சப்-இன்ஸ்பெக்டர் குப்புராஜ்.

இன்று, எழுபத்தைந்து டிசம்பரின் வெள்ளை வெயிலில், சேலத்திலிருந்து மின்சார இன்ஜினீயர் சவுரியப்பன் வந்திருந்தார். தொப்பூர் மேட்டில் ஜீப் குலுங்கியபோதெல்லாம் மடியில் வைத்துக் காத்த பெட்டியைத் திறந்தார்.

டிஜிட்டல் வோல்ட் மீட்டர். முள் கிடையாது. கண்ணாடிக் குமிழுக்குள் எண்கள் நெருப்பு நிறத்தில் எரியும்.

மெயினைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டார். ஒரு வயரைக் குழாயில் மாட்டினார். இன்னொன்றை மண்ணில் அடித்த கம்பியில்.

எண்கள் குதித்தன.

ஏழு... நாற்பத்தொன்று... மூன்று... தொண்ணூறு...

"தொண்ணூறு! எழுதிக்குங்க சார்," என்றார் குப்புராஜ். "மோட்டார் கசியுது. கேஸ் முடிஞ்சுது."

"அது கசிவு இல்லைங்க. இரைச்சல்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"காதுக்குக் கேக்காது. பக்கத்து வயர்ல ஓடற கரண்ட் நம்ம வயர்லயும் தொத்திக்கும். முள்ளு மீட்டர்னா லேசா நடுங்கிட்டு நின்னுரும். இது பாத்ததையெல்லாம் அப்படியே சொல்லிரும்."

"சாட்சிக்கூண்டுல ஏத்தக்கூடாத ரகம்."

சிரித்தார் குப்புராஜ். வரப்பில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்ற வஹிதா சிரிக்கவில்லை. தஸ்தகீரின் மனைவி.

"நல்லாப் பாருங்க சார். நீங்க சொல்றதை வெச்சுத்தான் எங்க வூட்டுக்காரரு வெளிய வரணும்."

சவுரியப்பன் இரண்டு வயர்களையும் சடை பின்னுவது போல முறுக்கினார்.

"இது எதுக்குங்க சார்?" என்றார் குப்புராஜ்.

"முறுக்கினா ரெண்டு வயர்லயும் இரைச்சல் ஒரே அளவா ஏறும். ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிரும்."

தொண்ணூறு காணாமல் போனது. காய்ந்த மண்ணில் நின்ற கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினார். பத்துப் பத்து ரீடிங்காகக் கூட்டிச் சராசரி பார்த்தார். ஆனாலும் எண்கள் அரிப்பெடுத்த மாதிரி அசைந்துகொண்டே இருந்தன.

"பக்கத்துல வேற ஏதோ இருக்கு..."

தேடினார். குழாயோரம் கிடந்த சோளத்தட்டுக் கட்டை ஒரு குச்சியால் தள்ளினார்.

உறையில்லாத கம்பி! பம்பு ரூம் லைட்டிலிருந்து கடலைக்காட்டு வேலி வரை போயிருந்தது.

"காட்டுப்பன்னிக்குக் கட்டுனது. பெரியண்ணனே கட்டியிருக்கான். குழாய் மேல விழுந்திருக்கு, கவனிக்காமத் தொட்டுட்டான். பொணத்தைத் தூக்கறப்ப நகந்துருச்சு."

லைட்டில் இருந்த இணைப்பைப் பிடுங்கினார்.

இரண்டு. இரண்டு. இரண்டு. மீட்டர் அசையவில்லை.

"மோட்டார்ல ஒரு குத்தமும் இல்லை. தஸ்தகீரை விட்டுருங்க."

வஹிதா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு பக்ரீத்துங்க சார். அப்பா வந்தாத்தான் புதுத்துணி போடுவோம்னு புள்ளைங்க ஒக்காந்திருக்குதுங்க."

குப்புராஜ் மீட்டரையே பார்த்தார்.

"தொண்ணூறுன்னே எழுதிருங்களேன் சார். நீங்களும் பாத்தீங்க. நானும் பாத்தேன்."

"இரைச்சலை வெச்சு ஒருத்தனை ஜெயில்ல போட முடியாதுங்க."

"ஜெயிலுக்கு இல்லைங்க சார்..."

சொல்ல வந்ததை முழுங்கினார்.

வஹிதா எழுந்து வந்து குப்புராஜிடம் தூக்குப்போசியை நீட்டினாள். "வெளிய உடறதுக்குள்ள இதையாச்சும் குடுத்துருங்க. காலையில சேமியா கொண்டுபோனேன். ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவன் நோன்பும்மா. வேணாம்னுட்டான்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"பக்ரீத் அன்னிக்கு நோன்பு வெக்கக்கூடாதுங்க சார். எங்கள்ல யாரும் வெக்க மாட்டாங்க."

மோட்டார் மட்டும் ஓடியது. சவுரியப்பன் போய் அதை அணைத்தார். திரும்பி வந்து குப்புராஜைக் கேட்டார்.

"தஸ்தகீர் எங்கே?"

குப்புராஜ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் காதருகே குனிந்தார்.

"முறுக்கினா அடங்கிரும்னு நீங்க இப்பத்தான் சொல்றீங்க சார். நாங்க நேத்தே முறுக்கிட்டோம்... அடங்கிட்டான்."