ஆவியாய்ப் போன தண்ணீர்

பம்பை அணைத்த பிறகும் பிளாஸ்டிக் குழாய் உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தது.

நிலவியலாளன் உதட்டைச் சுழித்தான். அலுவலகத்து பம்பு, போட்டால் நிற்கும், அணைத்தால் ஓடும்.

எவ்வளவு மழை பெய்தாலும் நீர்த்தேக்கம் நிறையவில்லை. "ஆவியா போகுதுய்யா" என்று ஒரே போடாகப் போட்டார் அதைக் கட்டிய தலைமைப் பொறியாளர். அன்றிலிருந்து அவர் பெயர் ஆவியார். அடியில் பாறை பிளந்திருக்கிறது என்றால் அவர் பதவி உயர்வும் பிளந்துவிடுமே! ஆனால் பிளவின் வழியே ரேடான் வாயு மேலேறும். மண்ணில் இரும்புக் குழலை அடித்து இறக்கி, அதில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, பம்பால் மண்காற்றை உறிஞ்சி அளந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி அவன் துரத்திக்கொண்டு வந்த பிளவு, அணையடியில் புறப்பட்டு, ஊழியர் குடியிருப்புக்குள் நுழைந்து, இன்று அவன் வீட்டுக்கே வந்திருந்தது. குழந்தை தூங்கும் அறையின் வெளிச்சுவரோரம். ஆவியாரின் முகத்தில் கரி பூச இதைவிட என்ன வேண்டும்?

குழாயை பம்பிலிருந்தே பிடுங்கினான். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் வாடையோடு, தூங்குகிறவரின் மூச்சைப்போல வெதுவெதுப்பாக, காற்று அவன் மணிக்கட்டில் பட்டுப் பட்டுத் திரும்பியது.

போன் செய்தான். "சார், பம்பு இல்லாமலே மண்ணு காத்து விடுது. இழுக்கவும் செய்யுது."

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஆவின்னு!" ஆவியார் சிரித்தார். "ஓட்டைய அடைச்சிட்டு, பிளவு இல்லைன்னு எழுதிக் குடுய்யா."

முட்டாள். குழாயை மடக்கி இறுக்கினான். நின்றது.

"என்னங்க!" உள்ளிருந்து மனைவியின் அலறல். "பாப்பா மூச்சு விடல! ஓடி வாங்க!"

கை நழுவியது. குழாய் உஸ்ஸென்று இழுத்தது. குழந்தை வீறிட்டது.

"வந்துடுச்சு... வந்துடுச்சுங்க..."

ஓடியிருக்கலாம். ஆனால் படித்தவன். ஒற்றை அளவை வைத்து முடிவுக்கு வருவது ஆவியார் வேலை. இவன் எதையும் இரண்டு முறை அளப்பவன்.

மீண்டும் மடக்கினான்.

அழுகை அறுந்தது.

விட்டான். அழுகை.

அப்போதுதான் குழாயின் அடியில் கறுப்பாக ஏதோ ஏறியது. தண்ணீர். ஒவ்வொரு மூச்சுக்கும் இன்னும் கொஞ்சம் மேலே.

உள்ளே குழந்தை களகளவென்று இருமியது.

"என்னங்க... வாயில தண்ணியா வருது. சேறா வருதுங்க..."

இரண்டு விரல்களுக்கு நடுவே குழாய். மடக்கவில்லை. விடவுமில்லை.

அது உப்பியது.

தணிந்தது.